உணவை அளந்த வரலாறு

சோறு உண்டவன் மரம் வெட்டுகின்றான், சுமை தூக்குகின்றான், மலை ஏறுகின்றான். அந்த வலிமை அவன் உண்ட எப்பொருளிலிருந்து வந்தது? சோற்றிலிருந்தா, சோற்றில் வார்த்த நெய்யிலிருந்தா, அன்றி மீனிலும் பருப்பிலும் இருந்தா? குழந்தையும் கேட்கக்கூடிய வினா இது. எனினும் இதற்குத் தக்க விடை காண விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. அவ்விடையிலிருந்தே பிற்காலத்து உணவு விதிகள் பிறந்தன. தொழிலாளிக்கு எவ்வளவு உணவு போதும், போர்வீரனுக்கு எவ்வளவு, சிறைக் கைதிக்கு எவ்வளவு எனப் பிறர் கணக்கிட்டு அளக்கும் வழக்கமும் அவ்விடையினாலேயே வலுப்பெற்றது. அந்த அளவின் வரலாற்றை நேயர்களோடு சேர்ந்து இன்று சற்று ஆராய விரும்புகின்றேன்.

கதையின் தொடக்கம் பாரிஸ் நகரில். 1782ஆம் ஆண்டு முடிந்து 1783ஆம் ஆண்டு பிறந்த மாரிகாலத்தில், இரசாயன அறிஞர் லவோசியேயும் கணித அறிஞர் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்தனர். அச்சிறு பிராணியின் உடற்சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என நிறுத்துப் பார்த்தனர். அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டையும் அளந்தனர். கரி எரியும்போது அதே அளவு வாயு வெளிப்பட்டால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்பதையும் ஒப்பு நோக்கினர். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்து வந்தன. சுவாசம் என்பது மெல்ல நிகழும் ஓர் எரிதல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அடுப்பில் விறகு எரிவது போல உடலினுள் உணவு எரிகின்றது. ஆனால் தீச்சுவாலை இல்லை. இந்த ஆராய்ச்சியை நிறைவு செய்ய லவோசியேக்கு வாய்க்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794ஆம் ஆண்டு மே மாதம், அவருடைய தலை துண்டிக்கப்பட்டது.

உடல் ஓர் அடுப்பு எனின், அதன் விறகு யாது? 1827ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வைத்தியர் வில்லியம் புரூட், உணவுப் பொருள்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார். சீனியும் மாப்பொருளும் சேர்ந்தது ஒன்று. எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்தது மற்றொன்று. முட்டையின் வெண்கரு போன்றவை மூன்றாவது. முதல் வகுப்பை இன்று காபோவைதரேற்று என்கின்றோம். மூன்றாவதைப் புரதம் என்கின்றோம். கொழுப்பைப் பற்றிப் பிரான்சின் செவ்ரெல் 1823இலேயே ஒரு பெருநூல் எழுதியிருந்தார். கொழுப்பென்பது கிளிசரீனும் கொழுப்பமிலங்களும் சேர்ந்த சேர்க்கை என்பதை அவரே விளக்கினார்.

இப்பொருள்களுள் வேலைக்கு வலிமை தருவது எது என்ற வினாவுக்கு 1842ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லீபிக் ஒரு விடை கூறினார். அவர் தம் காலத்து இரசாயனத்தின் பேரரசர் போன்றவர். அவர் சொல்லுக்கு மறுசொல் அரிதாக இருந்தது. தசை புரதத்தால் ஆனது. ஆகவே தசை உழைக்கும்போது புரதமே அழிகின்றது. உழைப்பவன் அப்புரதத்தை இறைச்சியினாலும் அது போன்ற பிற உணவினாலும் ஈடுசெய்தல் வேண்டும். மாப்பொருளும் கொழுப்பும் உடலுக்குச் சூடு தருவன மாத்திரமே என்று அவர் கருதினார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றிய இக்கருத்து ஐரோப்பா எங்கும் பரவிற்று. இறைச்சி உண்பவன் வலியவன், மாவும் கிழங்கும் உண்பவன் மெலியவன் என்று பலரும் எளிதாக நம்பினர். 1865ஆம் ஆண்டில் லீபிக்கின் பெயரைத் தாங்கிய இறைச்சிச் சாறு நிறுவனம் ஒன்றும் இலண்டனில் தொடங்கப்பெற்றது.

அதே 1865ஆம் ஆண்டில் இக்கருத்தைச் சோதிக்க இருவர் மலையேறினர். ஒருவர் உடற்றொழில் ஆராய்ச்சியாளர் அடோல்ப் பிக். மற்றவர் இரசாயனப் பேராசிரியர் யோகன்னஸ் விசிலீசேனஸ். இருவரும் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் பணிபுரிந்தவர்கள். பேர்ன் பிரதேசத்து மலைகளுள் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து உயரும் பௌல்கோர்ன் என்ற சிகரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். செங்குத்தான ஏற்றம், உச்சியில் தங்குவதற்கு ஒரு விடுதி. ஏரிக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் 1956 மீற்றர்.

அவர்களுடைய எண்ணம் எளியது. புரதத்தில் நைதரசன் உண்டு. மாப்பொருளிலும் கொழுப்பிலும் அது இல்லை. உடலில் அழியும் புரதத்தின் நைதரசன் சிறுநீர் வழியே வெளியேறும். ஆகவே சிறுநீரை அளந்தால் எவ்வளவு புரதம் எரிந்தது என்பது தெரியவரும். உண்ணும் உணவிலிருந்து நைதரசன் சேராதிருக்கும்பொருட்டு, ஆகஸ்டு 29ஆம் திகதி நண்பகல் தொடக்கம் இருவரும் புரதத்தை அறவே நீக்கினர். மாப்பொருளைக் குழைத்துக் கொழுப்பில் பொரித்த அப்பங்களும், சீனி கலந்த தேநீருமே அவர்கள் உணவாயின. 30ஆம் திகதி விடியற்காலை ஐந்து மணி கடந்ததும் ஏறத் தொடங்கினர். எட்டு மணி நேரம் ஏறிப் பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னர் உச்சியை அடைந்தனர். மாலை ஏழு மணிக்கே இறைச்சியுடன் நிறைவான உணவு உண்டனர். அதுவரையில் கழிந்த சிறுநீர் முழுவதையும் பகுதி பகுதியாகச் சேர்த்து வைத்திருந்தனர்.

இனிக் கணக்கு. பிக் தம் பொருள்களுடன் 66 கிலோகிராம் நிறை உடையவர். அந்நிறையை 1956 மீற்றர் தூக்கியது 1,29,096 கிலோகிராம்-மீற்றர் வேலையாகும். ஏறிய பொழுதிலும் அதன் பின்னர் மாலை ஏழு மணி வரையிலும் அவர் உடலில் எரிந்த புரதம் 37 கிராம் அளவே. விசிலீசேனஸின் கணக்கும் 37 கிராம் அளவிலேயே நின்றது. அவ்வளவு புரதம் எரிந்தால் எவ்வளவு வலு கிடைக்கும்? அதனை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. இலண்டனில் இருந்த இரசாயன அறிஞர் எட்வர்ட் பிராங்லண்ட், பிக்கின் சகோதரியை மணந்தவர். அவர் 1866ஆம் ஆண்டில் உலர்ந்த தசையையும் பல்வேறு உணவுகளையும் ஒரு வெப்பமானிக் கலத்தினுள் எரித்து, அவற்றின் வெப்பத்தை அளந்து கொடுத்தார். எரிந்த புரதத்தின் வலு முழுவதும் வேலையாக மாறியிருந்தாலும், மலையேற்றத்தின் பாதியளவுக்கே அது போதும் என்பது தெளிவாயிற்று. தசை தான் எரிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றவல்லது என்பதை இன்று அறிவோம். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், புரதத்தின் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகச் சுருங்கும். எஞ்சிய முழுவதையும் சுமந்தவை மாப்பொருளும் கொழுப்புமே.

ஏழையின் உணவென்று இழித்துரைக்கப்பட்ட மாவும் கொழுப்புமே இரு பேராசிரியர்களை மலையுச்சிக்கு ஏற்றின. கூலியாள் ஏன் வயிறு நிறையச் சோறும் கிழங்கும் பாணும் தேடுகின்றான் என்பதற்கு இதில் விடை இருந்தது. அவன் அறியாமையினால் அவ்வாறு உண்ணவில்லை. அவன் உழைப்புக்கு அவையே எரிபொருள். பிராங்லண்ட் மேலும் ஒன்று செய்தார். 140 இறாத்தல் நிறையுள்ள ஒரு மனிதனைப் பத்தாயிரம் அடி உயர்த்துவதற்கு ஒவ்வோர் உணவும் எவ்வளவு வேண்டும், அதன் விலை யாது என ஓர் அட்டவணை வகுத்தார். கொழுப்பற்ற மாட்டிறைச்சி விலை மிக்கதாகவும், ஓட்சு மாவும் கோதுமை மாவும் மலிவாகவும் அதிலே காணப்பட்டன. உணவின் வலுவும் அதன் விலையும் ஒரே அட்டவணையில் அருகருகே வந்து அமர்ந்தன.

அந்த அட்டவணையின் வழியிலேயே அடுத்த தலைமுறை நடந்தது. மியூனிக் நகரில் கார்ல் வொய்ற் என்பவர், நடுத்தர உழைப்புள்ள ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம், 56 கிராம் கொழுப்பு, 500 கிராம் காபோவைதரேற்று என நியமம் வகுத்தார். அவரிடம் பயின்று அமெரிக்கா திரும்பிய அற்வாற்றர், மிடில்ரவுன் நகரின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், ரோசா என்ற பௌதிக அறிஞருடன் சேர்ந்து ஓர் அதிசய அறையை அமைத்தார். சுமார் ஏழு அடி நீளமும் நாலு அடி அகலமும் கொண்ட அந்த உலோக அறையினுள் ஒரு மனிதன் பல நாட்கள் தொடர்ந்து வாழ்ந்தான். அங்கேயே உண்டான், உறங்கினான், நிலையான துவிச்சக்கர வண்டியை மிதித்தான். அவன் உண்ட உணவும் விட்ட மூச்சும் உடற்சூடும் கழிவும் யாவும் அளக்கப்பட்டன. உட்சென்ற வலுவும் வெளிவந்த வலுவும் மிக நெருக்கமாக ஒத்து நின்றன. ஒரு கிராம் காபோவைதரேற்றுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என நாம் இன்று வழங்கும் எண்கள் அவருடைய ஆராய்ச்சியின் பயனே. ஒரு லீற்றர் நீரைச் சதமவளவையில் ஒரு பாகை சூடாக்கும் வெப்பமே இங்குக் கலோரி எனப்படுவது.

அற்வாற்றர் 1894ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வாயிலாக, உணவுகளின் சத்தையும் விலையையும் விளக்கும் ஒரு சிறுநூலை வெளியிட்டார். குறைந்த பணத்துக்கு நிறைந்த கலோரி என்பதே அதன் நோக்கம். அந்தக் கணக்கில் மாவும் அவரையும் உயர்ந்தன. கீரையும் பழமும் தாழ்ந்தன. நீர் மிகுந்து கலோரி குறைந்த பொருளுக்குப் பணம் செலவிடுவது வீண் எனத் தோன்றிற்று. அவர் நன்னோக்கம் உடையவர். ஏழைக் குடும்பங்கள் குறைந்த வருவாயில் நிறைவாக உண்ணவேண்டும் என விரும்பியவர். கொழுப்பும் இனிப்பும் மிகுந்து உண்பதனால் விளையும் கேட்டையும் பின்னர் அவர் எச்சரித்தார். ஆயின் அவருடைய எண்கள் வேறு கைகளுக்கும் சென்றன. பொஸ்ரன் நகர வணிகர் எட்வர்ட் அற்கின்சன், தொழிலாளர் மலிவான இறைச்சியைச் சிக்கனமாகச் சமைத்து உண்ணக் கற்றுக்கொண்டால் அவர்கள் பெறும் கூலியே போதுமென வாதித்தார். தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். உணவின் அளவு கூலியின் அளவாகிவிடலாம் என்ற அச்சம் அவர் கண்டனத்தின் அடியில் இருந்தது.

அந்தக் கணக்கில் மற்றொரு குறையும் இருந்தது. அது வெளிப்பட்ட இடம் ஆசியா, வெளிப்படுத்தியது அரிசி. பெரிபெரி என்னும் நோய் கால்களைச் செயலிழக்கச் செய்யும். சிலருக்கு உடலை வீங்கச் செய்து இருதயத்தையும் நிறுத்தும். சிங்களத்தில் இயலாமையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது என அகராதிகள் கூறும். நீராவி ஆலைகள் வந்து அரிசியை வெள்ளை வெளேரெனத் தீட்டத் தொடங்கிய பின்னர் இந்நோய் பெருகிற்று. கலோரிக் கணக்கில் தீட்டிய அரிசிக்கு யாதொரு குறையும் இல்லை. தவிடு நீங்கியதனால் அது நெடுநாள் கெடாது, பார்வைக்கும் அழகு. ஆகவே படைகளும் சுரங்கங்களும் சிறைகளும் அதனையே வாங்கின.

ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்த யாவாவின் பத்தாவியா நகரில், எயிக்மன் என்ற வைத்தியர் 1890ஆம் ஆண்டையொட்டித் தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். இராணுவ வைத்தியசாலையின் சமையலறையில் எஞ்சிய வெள்ளைச் சோறு அவற்றுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றை ஊர்க் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி உண்ட கோழிகள் குணமடைந்தன. 1897இல் அவருடைய நண்பர் போர்டர்மன் யாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளை ஆராய்ந்து விவரம் வெளியிட்டார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் பெரிபெரிக்கு ஆளாயினர். தீட்டாத அரிசி உண்ட சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவரே.

இவ்வரலாற்றில் தமிழ்த் தொழிலாளருக்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவில் பணிபுரிந்த பிராடன் என்ற ஆங்கில வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். வெள்ளை அரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளரிடையே பெரிபெரி மலிந்திருந்தது. அதே நாட்டில், அதே வெப்பத்தில் உழைத்த தமிழரிடையே அது அரிதாக இருந்தது. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907ஆம் ஆண்டில் அவர் இதனை ஒரு நூலாக எழுதினார். அதே ஆண்டில் பிரேசரும் ஸ்ரான்றனும் நெகிரி செம்பிலான் பகுதியில் வீதி அமைத்த சுமார் 300 யாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதனை தொடங்கினர். வெள்ளை அரிசி உண்டோரிடமே நோய் தோன்றிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிமணியின் உள்ளே ஊறிச் செல்கின்றது. பின்னர்த் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. நம் பாட்டிமார் எண்களை அறியார். ஆயினும் அவர்கள் நெல் அவித்த பானை அந்த வேலையைச் செய்தது.

அச்சத்து யாது? 1926ஆம் ஆண்டில் பத்தாவியாவில் ஜான்சன், டொனாத் என்ற இருவர் அதனைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்று தயமின், அதாவது விற்றமின் பி1 என வழங்குவது அதுவே. அதன் தொழிலை ஒக்ஸ்போட்டில் ருடோல்ப் பீற்றர்ஸ் 1930களில் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்து காட்டினார். காபோவைதரேற்று உடலில் முற்றாக எரிவதற்குத் தயமின் இன்றியமையாதது. அடுப்பில் விறகை நிறைத்துவிட்டுக் காற்றுப் புகும் வழியை அடைத்தது போன்றதே தீட்டிய அரிசி மாத்திரம் உண்ட வாழ்வு. கொழுப்பிலும் இத்தகைய ஒரு பாடம் கிடைத்தது. 1929இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர், கொழுப்பை முற்றும் நீக்கிய உணவால் எலிகள் நோயுறுவதைக் கண்டனர். லினோலேயிக்கு அமிலம் போன்ற சில கொழுப்பமிலங்களை உடல் தானே ஆக்கமாட்டாது. அவை உணவிலிருந்தே வரவேண்டும். கொழுப்பு வெறும் 9 கலோரி அன்று என்பது அப்போது புலனாயிற்று.

இதன் பின்னர் உணவு விதிகளின் போக்கு மாறிற்று. 1916இல் அமெரிக்காவில் கரோலைன் ஹண்ட் சிறுவர் உணவை ஐந்து தொகுதிகளாக வகுத்தபோது, காய்கறியும் பழமும் தமக்கென ஓர் இடம் பெற்றன. 1935இல் சர்வதேச சங்கத்துக்காகப் பர்னேயும் அய்க்ரொயிட்டும் உலக மக்களின் உணவு நிலையைப் பற்றி அறிக்கை எழுதினர். அவ்வாண்டிலேயே அய்க்ரொயிட் நீலகிரியின் குன்னூர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக வந்தார். 1937இல் அங்கிருந்து அவர் வெளியிட்ட சிறுநூல், இந்திய உணவுகளின் சத்துகளை அட்டவணைப்படுத்தியது. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் ஐரோப்பிய உணவுகளைப் போலவே எண்ணிலும் எழுத்திலும் மதிப்புப் பெற்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வினாவே மாறிவிட்டது. செல்வ நாடுகளில் பசி குறைந்தது. இருதய நோய் பெருகிற்று. எவ்வளவு உண்டால் உழைக்கலாம் என்பது பழைய வினா. எதைக் குறைத்தால் நெடுநாள் வாழலாம் என்பது புதிய வினா. அன்செல் கீஸ் 1958இல் ஏழு நாடுகளில் பேராய்வு ஒன்றைத் தொடங்கினார். நிரம்பிய கொழுப்பு மிகுந்த உணவுக்கும் குருதியிலுள்ள கொலஸ்திரோலுக்கும் இருதய நோய்க்கும் தொடர்பு உண்டென அவர் வாதித்தார். 1961இல் அமெரிக்க இருதயச் சங்கம் அத்தகைய கொழுப்பைக் குறைக்கச் சொல்லிற்று. 1977இல் அந்நாட்டுச் செனற் சபையின் குழுவொன்று உணவு இலக்குகளை வெளியிட்டது. 1980இல் அரசாங்கத்தின் முதல் வழிகாட்டி வந்தது.

அவ்வறிவுரையில் உண்மை இருந்தது. ஆயின் கொழுப்பைக் குறை என்ற சொல்லைக் கேட்டவர்கள், அவ்விடத்தை எதனால் நிரப்புவது என்பதைப் போதியவாறு கேட்கவில்லை. வணிகர் அவ்விடத்தைச் சீனியாலும் சுத்திகரித்த மாவாலும் நிரப்பினர். சீனியின் தீமையைப் பற்றி 1972இல் இங்கிலாந்தின் ஜோன் யட்கின் எழுதிய நூல் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. சீனியின் பங்கைத் தாழ்த்தியும் கொழுப்பின் பங்கை உயர்த்தியும் 1967இல் வெளிவந்த ஓர் ஆய்வுரைக்குச் சீனி வணிகரே பணம் கொடுத்தனர் என்பது 2016இல் வெளிச்சத்துக்கு வந்தது. வெண்ணெய்க்குப் பதிலாகப் பலரும் நாடிய, ஐதரசன் ஏற்றிய கடினத் தாவர எண்ணெயிலும் தீங்கு மறைந்திருந்தது. அதிலுள்ள மாறுபக்கக் கொழுப்பு இருதயத்துக்குக் கேடு செய்வது என்பதை 1990இல் ஒல்லாந்தின் மென்சிங்க், கட்டான் ஆகியோரின் ஆய்வு சுட்டிக் காட்டிற்று. 2003இல் டென்மார்க் அதனைச் சட்டத்தால் கட்டுப்படுத்திற்று. 2018இல் உலக சுகாதார நிறுவனம் அதனை அறவே ஒழிக்குமாறு உலக நாடுகளை வேண்டிற்று.

2023இல் அந்நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளில் இவ்வரலாற்றின் பாடங்கள் பலவற்றைக் காணலாம். வயதுவந்தோர் உணவின் மொத்த வலுவில் கொழுப்பு நூற்றுக்கு 30 பங்கை மிஞ்சலாகாது. நிரம்பிய கொழுப்பு 10 பங்கை மிஞ்சலாகாது. காபோவைதரேற்றைப் பொறுத்தவரை அளவைக் காட்டிலும் தன்மையே அங்கு வற்புறுத்தப்படுகின்றது. முழுத் தானியம், பருப்பு வகை, காய்கறி, பழம் ஆகியவற்றிலிருந்தே அது பெரும்பாலும் வரவேண்டும். காய்கறியும் பழமும் நாளொன்றுக்கு 400 கிராம், நார்ப்பொருள் 25 கிராம் ஆயினும் வேண்டும். அற்வாற்றரின் அட்டவணையில் தாழ்ந்து கிடந்த கீரையும் பழமும் மீண்டும் உயர்ந்துவிட்டன. நம் இலங்கைச் சுகாதார அமைச்சும் 2011இலும் 2021இலும் நம் நாட்டு உணவுகளை வைத்தே வழிகாட்டி நூல்களை வெளியிட்டுள்ளது.

விஞ்ஞானம் நாளுக்கொன்று கூறுகின்றதே, எதை நம்புவது எனச் சிலர் சலித்துக்கொள்வர். இவ்வரலாற்றை நோக்கின் அச்சலிப்புக்கு அவ்வளவு இடமில்லை. பிக்கும் விசிலீசேனஸும் கண்ட கணக்கு இன்றும் பொய்க்கவில்லை. அற்வாற்றரின் எண்கள் இன்றும் உணவுப் பொதிகளின் மேல் அச்சிடப்படுகின்றன. பிழை நேர்ந்தது வேறிடத்தில். ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையை எல்லா வினாக்களுக்கும் விடையாகக் கொண்டபோது, சுரங்கத்திலும் சிறையிலும் மனிதர் நிறைந்த வயிற்றோடு நோயுற்று மாண்டனர். அளப்பவர் ஒருவரும் உண்பவர் வேறொருவருமாக இருந்த இடங்களிலேயே அத்துன்பம் மிகுந்தது. தம் சோற்றைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை அக்கைதிகளுக்கு இருக்கவில்லை.

நமக்கு அவ்வுரிமை உண்டு. ஆகவே புதிய உணவு விதியொன்று செவியில் விழும்போது, இது யாருக்காகச் சொல்லப்பட்டது, எந்த நோயை எண்ணிச் சொல்லப்பட்டது, ஒன்றை விலக்கினால் அவ்விடத்தில் எதை இடச் சொல்கின்றது என்று கேட்டுப் பார்த்தல் நன்று. நாள் முழுதும் வயலில் உழைப்பவருக்கும், நாற்காலியில் அமர்ந்து எழுதுபவருக்கும், நீரிழிவு உடையவருக்கும் சோற்றின் அளவு ஒன்றாக இருத்தல் இயலாது. புழுங்கலரிசிச் சோறு, அதனருகே பருப்பு, ஒரு கீரைக்கறி, சிறிது மீன், அளவான எண்ணெய். இத்தகைய உணவை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். அதனை ஏன் அவ்வாறு உண்கின்றோம் என்பதை இன்று நாம் சொல்லவும் வல்லோம்.